கட்டடத்துக்கு முன் வரும் கோடு

நகரத்தின் கட்டடப் பரப்பைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து அளப்பவர்களுக்குப் பெரிய தலைவலி வெறும் மண்தான். மேகம்கூட அவ்வளவு தொல்லை தருவதில்லை. வேறொரு நாளின் படத்தை எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. மண் அப்படியல்ல. உழுது போட்ட வயல், வறண்ட ஆற்று மணல், கான்கிரீட் கூரை மூன்றும் அகச்சிவப்பு அலைவரிசைகளில் ஏறக்குறைய ஒரே ஜாடையில் ஒளிரும். கட்டடங்களைத் தனியே பிரித்தெடுக்க நாங்கள் பயன்படுத்தும் குறியீட்டெண் அந்த ஒளிர்வை நம்பித்தான் இயங்குகிறது. பச்சை இல்லாத இடமெல்லாம் அதன் கண்ணுக்குக் கட்டடம்தான். அறுவடை முடிந்த மாதத்துப் படத்தைக் கொடுத்தால், ஒரே வாரத்தில் நகரம் இருமடங்கானதுபோல் வரைபடம் சிவந்து நிற்கும்.

ஒரு பெருநகரம் எத்தனை சதுர கிலோமீட்டரிலிருந்து எத்தனை சதுர கிலோமீட்டராக விரிந்திருக்கிறது, எந்தப் பத்தாண்டில் எந்தப் பக்கம் ஓடியது என்று கணக்கிட்டுக் கொடுப்பது என் வேலை. கேட்பவர்கள் திட்டமிடுபவர்களாக இருக்கலாம், குடிநீர் வழங்குபவர்களாக இருக்கலாம். யாராக இருந்தாலும் கடைசியில் அவர்களுக்கு வேண்டியது ஓர் எண். அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை சமரசங்கள் கிடக்கின்றன என்பதை அறிக்கையின் பின்னிணைப்பில்தான் எழுதுகிறோம். பின்னிணைப்பை யார் படிக்கிறார்கள்?

முதல் சமரசம் கருவியைப் பற்றியது. பூமியைப் படமெடுக்கும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையான லேண்ட்சாட்டில் முதலாவது 1972 ஜூலையில் ஏவப்பட்டது. அதன் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், தரையில் ஏறக்குறைய 80 மீட்டர். ஒரு சிறிய தெருவே அதற்குள் அடங்கிவிடும். 1980-களில் 30 மீட்டர் பிக்சல் வந்தது. 2015-இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2 அதை 10 மீட்டராக்கியது. இந்த மூன்றையும் வரிசையாக வைத்து நகரம் இவ்வளவு வளர்ந்தது என்று சொன்னால், அதில் ஒரு பங்கு நகரத்தின் வளர்ச்சி, இன்னொரு பங்கு கண்ணாடியின் பவர் கூடியது. ஆகவே புதிய படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, பழைய படத்தின் தரத்துக்கு இறக்கித்தான் ஒப்பிட வேண்டியிருக்கிறது. துல்லியமான படம் கையில் இருக்க எதற்கு மங்கலாக ஒன்றைக் காட்டுகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள்.

இரண்டாவது, ஒருவழிப்பாதை விதி. பழைய குடியிருப்புகளில் மரங்கள் வளர்ந்து கூரைகளை மூடிவிடும். மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு அந்தத் தெரு காடாகிவிட்டதாகத் தோன்றும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, ஒருமுறை கட்டடம் என்று முத்திரை விழுந்த பிக்சல் பிறகு ஒருபோதும் மாறாது என்று நிரலில் எழுதிவிடுகிறோம். பெரும்பாலான நகரங்களுக்கு இது பொருந்தும். அமெரிக்காவின் டெட்ராய்ட்டுக்குப் பொருந்தாது. 1950-இல் சுமார் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த அந்த நகரத்தில் 2020 கணக்கெடுப்பின்போது சுமார் 6.4 லட்சம் பேர்தான் இருந்தார்கள். வீடுகள் இடிக்கப்பட்டுப் புல் முளைத்த மனைகள் அங்கே ஏராளம். எங்கள் விதிப்படி அங்கெல்லாம் இன்னும் வீடுகள் நிற்கின்றன.

ஆனால் நான் சொல்ல வந்தது மண்ணைப் பற்றி.

நகர விளிம்பின் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் திரையில் ஒரு துண்டு நிலத்தைச் சுட்டிக்காட்டி, “சார், இதை எந்த வகையில் சேர்ப்பது? வயலும் இல்லை, வீடும் இல்லை” என்று கேட்டார். வழக்கமான பதில் ‘தரிசு’. வடிகட்டித் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். அவர் விடவில்லை. அந்த இடத்தின் பசுமைக் குறியீட்டை, அதாவது செடிகொடி எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்று காட்டும் எண்ணை, ஆண்டுவாரியாக வரைந்து காட்டினார். பயிர் நிலத்துக்கு ஒரு நாடித்துடிப்பு உண்டு: விதைப்புக்குப் பின் கோடு ஏறும், உச்சியைத் தொடும், அறுப்போடு சடாரென்று விழும். இந்த நிலத்திலும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒரு பருவத்தில் உச்சி காணாமல் போனது. அதன்பின் மழைக்கு லேசாக ஒரு மேடு, அவ்வளவுதான். அது களை. தெளிவான படத்தைப் போட்டுப் பார்த்தோம். நிலத்தின் குறுக்கே நேர்கோடாக வெளிறிய பாதைகள், அவற்றை வெட்டிச் செல்லும் சிறு பாதைகள். மனை பிரித்து விற்றுவிட்டார்கள். வீடுதான் இன்னும் ஒன்றுகூட எழும்பவில்லை.

அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு, தரிசு என்று நாங்கள் ஒதுக்கியதையெல்லாம் வேறு கண்ணோடு பார்க்க வேண்டியதாயிற்று. கட்டடப் பரப்பின் வரைபடம் தாமதமாக வரும் செய்தி. கூரை தென்படும்போது நிலம் கைமாறி, பாதை விழுந்து, அடுத்த நூற்றாண்டுக்கான தெரு அமைப்பும் முடிவாகியிருக்கும். அந்தத் தெருக்கள் குறுகலாக இருந்தால் பஸ் நுழையாது. வாய்க்காலின் மேல் விழுந்திருந்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். வீடுகள் வந்தபின் எதையும் நகர்த்த முடியாது.

கோடு முந்தி, கட்டடம் பிந்தி என்பதற்குப் பழைய சான்று நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவு. 1811-ஆம் ஆண்டின் திட்டம், தீவின் தென்முனையில் மட்டுமே நகரம் இருந்தபோது, 155-ஆம் தெருவரை காகிதத்தில் கோடு போட்டது. வீடுகள் அங்கெல்லாம் போய்ச் சேர அந்த நூற்றாண்டே பிடித்தது. இன்றும் அங்கே நடப்பவர்கள் அந்தக் கோடுகளின் மேல்தான் நடக்கிறார்கள். அன்று லேண்ட்சாட் மேலே சுற்றியிருந்தால், வடக்கே நகரமே இல்லை என்று நாங்கள் சத்தியம் செய்திருப்போம்.

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 11.3.1 என்ற குறியீடு ஒன்று உண்டு. நகரம் நிலத்தை எடுத்துக்கொள்ளும் வேகத்தை மக்கள்தொகை பெருகும் வேகத்தால் வகுப்பார்கள். விடை ஒன்றுக்கு மேல் போனால், மக்கள் பெருகுவதைவிட வேகமாக நிலம் கரைகிறது என்று பொருள். நல்ல குறியீடுதான். ஆனால் மனையாகிக் காத்திருக்கும் நிலம் அதன் கட்டடக் கணக்கில் வராது. பயிரும் போய், குடியும் வராத அந்த நிலம் எந்தத் தலைப்பில் செலவெழுதப்படுகிறது என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை.

இப்போதெல்லாம் அட்டவணையில் தனியாக ஒரு பத்தி சேர்க்கிறேன்: ‘மனையாக்கப்பட்டது, கட்டப்படாதது’. அந்தப் பயிற்சிப் பெண் கண்டுபிடித்த முறையில்தான், பயிரின் நாடி நின்ற ஆண்டைக் குறித்துக் கணக்கிடுகிறோம். சமீபத்திய கூட்டமொன்றில் இந்தப் பத்தியைக் கட்டடப் பரப்போடு கூட்டிவிடலாமே என்றார் ஒருவர். அப்படிச் செய்தால் வளர்ச்சி பயமுறுத்தும் அளவுக்குத் தெரியும், எடுத்துவிடுங்கள் என்றார் இன்னொருவர். கூட்டவும் இல்லை, எடுக்கவும் இல்லை. குடிநீர்க் குழாய் போடுபவர் மட்டும் அந்தப் பத்தியின் வரைபடத்தைத் தனியாக அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்.