சாவிய எடுத்தாலும் நிக்காத வண்டி: 240 டி நாட்குறிப்பு

2 மார்ச் 2024, சனி

இன்னைக்கு கோயமுத்தூர் சிங்காநல்லூர் பக்கம் பங்க்ல நம்ம பழைய மெர்சிடிஸ் காருக்கு டீசல் போட நிறுத்துனேன். சாவிய ஆஃப் பண்ணி கையிலயே எடுத்துட்டேன், இஞ்சின் பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு. பங்க் பையன் என்னையும் பானட்டையும் மாறி மாறி பாக்கறான், "அண்ணா மொதல்ல ஆஃப் பண்ணுங்க"ங்கறான், நான் சாவிய தூக்கி காட்டறேன். எறங்கி பானட்ட தெறந்து, இஞ்சின் மேல செவப்பா ஸ்டாப்னு எழுதியிருக்கற லீவர அமுத்துனப்புறம் தான் ரெண்டு குலுக்கு குலுக்கி நின்னுச்சு.

ஒரு மாசமாவே லேசா தெரிஞ்சது தான். ஆஃப் பண்ணா உடனே நிக்காம ரெண்டு செகண்ட், மூணு செகண்ட் இழுத்துட்டு நிக்கும். வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது.

வண்டிய பத்தி தெரியாதவங்களுக்கு: 1983 மாடல் மெர்சிடிஸ் 240 டி, கம்பெனி கணக்குல 123ங்கற நம்பர் பாடி. டெல்லியில ஒரு தூதரகத்துல ஓடுனது, ஏலத்துல வந்து கைமாறி 1991ல பெரியப்பா வாங்குனார். இப்ப அவருக்கு 79 வயசு. அஞ்சு வருஷமா அவர் ஓட்டறதில்ல, சாவி என்கிட்ட. பங்குனி உத்திரம் கூட்டம் முடிஞ்சதும் இந்த வண்டியிலயே பழனிக்கு கூட்டிட்டு போடான்னு பொங்கலுக்கே சொல்லிட்டார். அதுக்குள்ள சரி பண்ணணும்.

3 மார்ச், ஞாயிறு

நேத்து எழுதுனத படிச்சுட்டு நைட்டு நெறைய பேர் கேட்டிருந்தீங்க, சாவிய எடுத்தா கரண்ட் கட்டாகி நிக்க வேண்டியது தானேன்னு. பெட்ரோல் வண்டின்னா ஸ்பார்க் நின்னா வண்டி நிக்கும். டீசலுக்கு ஸ்பார்க்கே கெடையாது, அழுத்தத்துல சூடாகி தானா எரியறது, அதனால டீசல் வர்றத நிறுத்துனா தான் இஞ்சின் நிக்கும். இப்ப வர்ற வண்டிகள்ல அத கரண்ட் பாத்துக்குது. இந்த வண்டியில அத பண்றது காத்து, சரியா சொன்னா வேக்கம், அதாவது காத்த உறிஞ்சறதால வர்ற இழுவை.

இஞ்சின் முன்னாடி ஒரு வேக்கம் பம்ப் இருக்கு, இஞ்சினோட சேந்து சுத்தும். அது இழுக்கற வேக்கம் மொதல்ல பிரேக் மிதிக்க காலுக்கு தொணை பண்ற பிரேக் பூஸ்டருக்கு போகுது. அதுலயே கிளை பிரிஞ்சு ஒரு பிரவுன் டியூப் ஸ்டியரிங் பக்கத்துல சாவி லாக்குக்கு பின்னாடி இருக்கற குட்டி வால்வுக்கு வருது. சாவிய ஆஃப் பண்ணா அந்த வால்வு தெறக்கும், அங்கிருந்து பிரவுன்ல நீலக்கோடு போட்ட டியூப் வழியா வேக்கம் டீசல் பம்புக்கு பின்னாடி இருக்கற ஷட் ஆஃப் வால்வுக்கு போயி, உள்ள இருக்கற ராடை இழுத்து டீசல நிறுத்திடும்.

இன்னொரு கிளை தான் எனக்கு ரொம்ப புடிச்சது. சென்ட்ரல் லாக்கும் இதே வேக்கம் தான். டிரைவர் கதவுல சாவிய திருப்புனா மத்த மூணு கதவு, டிக்கி, டீசல் மூடி எல்லாம் காத்துலயே பூட்டிக்கும், மோட்டார் சத்தம் எதுவும் வராது, ஒரு பெருமூச்சு மாதிரி மட்டும் கேக்கும். சின்ன வயசுல பெரியப்பா பூட்டறப்ப அந்த சத்தத்துக்காகவே பக்கத்துல போயி காத வெச்சுட்டு நிப்பேன்.

எல்லாம் ஒரே பம்ப்ல தொங்கறதால கதவுல ஒரு ரப்பர் கிழிஞ்சா இஞ்சின் நிக்காம போகும். வண்டிய புதுசா பாக்கறவங்களுக்கு இது புரியறதே இல்ல.

5 மார்ச், செவ்வாய்

ஆஃபீஸ் போற வழியில பெரிய ஒர்க்‌ஷாப் ஒண்ணுல காட்டுனேன், பேர் வேண்டாம். பானட்ட தெறந்து பாத்து அஞ்சே நிமிஷத்துல "டீசல் பம்ப் போயிடுச்சுங்க சார், கழட்டி ஓவராயில் பண்ணணும், 45,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. வேக்கம் செக் பண்ணீங்களான்னு கேட்டேன், ஒரு கேஜ் கூட வெச்சு பாக்கல. அந்த பம்ப்ல எந்த கோளாறும் இல்ல, காலையில ஹீட்டர் பிளக் லைட் அணைஞ்சதும் ஒரே செல்ஃப்ல எடுக்குது, புகை இல்ல, இழுவை கொறையல. நல்லா இருக்கற பம்ப கழட்ட நான் விடமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

கோபம் இன்னும் போகல. பழைய வண்டி வெச்சிருக்கறவங்க பாதி பேர் வித்துட்டு போறது இப்படித்தான், வண்டி கெட்டு இல்ல, தப்பா சொன்ன ஒரு எஸ்டிமேட்டால. 240 டிங்கற பேருக்கு என்ன மதிப்புன்னு தெரிஞ்சவன் அப்படி சொல்லவே மாட்டான். கிரீஸ்ல ஒரு டாக்ஸி டிரைவர் 1976 மாடல் 240 டி, இதுக்கு முந்துன 115 பாடி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிட்டு 2004ல கம்பெனி மியூசியத்துக்கே குடுத்தார். இஞ்சின் மாத்தி மாத்தி தான் ஓட்டுனார், ஆனாலும் 46 லட்சம்! என்னோடது இன்னும் நாலு லட்சத்த கூட தொடல.

9 மார்ச், சனி

நேத்து சிவராத்திரி, வெள்ளியங்கிரி பக்கம் போற ரோடெல்லாம் வண்டியா நின்னுச்சு, நான் எங்கயும் போகல. ஆன்லைன்ல சொல்லியிருந்த கை வேக்கம் பம்ப் வந்துடுச்சு, கேஜோட 1,850 ரூபா. இன்னைக்கு காலையில கணபதி ஏரியாவுல இருந்து நம்ம மெக்கானிக் அண்ணன் வந்தார். பெரியப்பா காலத்துல இருந்து இந்த வண்டிய தொடற ஒரே ஆள் அவர் தான். வந்ததும் "ஏனுங் தம்பி, பம்ப கழட்டச் சொன்னாங்களாமா"ன்னு கேட்டுட்டு தலைய மட்டும் ஆட்டுனார், வேற ஒண்ணும் சொல்லல.

அவர் பண்ற முறைய அப்படியே எழுதறேன், யாருக்காவது உதவும்.

மொதல்ல இஞ்சின ஓட விட்டுட்டு ஷட் ஆஃப் வால்வுல இருக்கற டியூப கழட்டி கை பம்ப மாட்டி நாலு அமுக்கு அமுக்குனார். டக்குனு நின்னுச்சு. கேஜ் முள்ளும் எறங்காம அப்படியே நிக்குது. ஆக வால்வு நல்லா இருக்கு. கழட்டுன டியூபுக்குள்ள எண்ணெய் இருக்கான்னு ஒரு குச்சியில பஞ்சு சுத்தி விட்டு பாத்தார், சுத்தமா இருந்துச்சு. அந்த வால்வுல ரப்பர் போயிருந்தா இஞ்சின் ஆயில வேக்கம் இழுத்துட்டு வந்துருக்கும்னார்.

ரெண்டாவது, கிளை எல்லாத்தையும் அடைச்சுட்டு மெயின் லைன்ல கேஜ் வெச்சோம். ஸ்லோல ஓடறப்ப வேக்கம் கேஜ் கணக்குல 21 இன்ச் காட்டுச்சு. வேக்கம் பம்பும் நல்லா இருக்கு.

மூணாவது, சென்ட்ரல் லாக்குக்கு போற மஞ்ச டியூப மட்டும் தெறந்து விட்டார். முள்ளு மளமளன்னு எறங்கி 6ல நின்னுச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

அந்த மஞ்ச லைன்ல ஒரு சின்ன மரையாணிய சொருகி அடைச்சார். சாவிய ஆஃப் பண்ணேன், கண்ண சிமிட்டறதுக்குள்ள இஞ்சின் நின்னுச்சு. 45,000 ரூபா வேலைன்னாங்க, கெடுதி பூட்டுல இருந்துருக்கு.

பிரேக் பூஸ்டர் செக் பண்ணாம அவர் கெளம்ப மாட்டார். இஞ்சின் ஆஃப்ல பெடல அஞ்சாறு தடவ மிதிச்சு கெட்டியானதும் மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ண சொன்னார், பெடல் காலுக்கு கீழ மெதுவா எறங்குச்சு. எறங்குனா பூஸ்டர் வேல செய்யுதுன்னு அர்த்தம். வேக்கம் லீக்க சும்மா விட்டா பிரேக்லயும் கை வெக்கும், அதனால தான் இத தள்ளிப் போடக் கூடாது.

10 மார்ச், ஞாயிறு

இன்னைக்கு முழுக்க கதவு வேலை. முன் சீட்டு பக்கம் கார்ப்பெட்ட தூக்குனா டியூப் எல்லாம் பிரியற எடம் வரும், ஒவ்வொரு கதவுக்கும் மஞ்ச டியூப்ல செவப்பு கோடு ஒண்ணு, பச்சை கோடு ஒண்ணு. ஒண்ணு பூட்ட, ஒண்ணு தெறக்க. ஒவ்வொரு கதவா கை பம்ப மாட்டி பாத்துட்டே வந்தேன். முன் எடது பக்கம் நிக்குது, பின் வலது பக்கம் நிக்குது, டிக்கி கூட நிக்குது. பின் எடது பக்கம் அமுக்க அமுக்க முள்ளு அசையவே இல்ல.

அந்த கதவோட பேனல கழட்டுனோம். ஆர்ம் ரெஸ்ட் ஸ்க்ரூ, கைப்பிடி எல்லாம் எடுத்துட்டு பேனல கீழ இருந்து மெல்ல விடுவிச்சு மேல தூக்கி எடுக்கணும், அவசரப்பட்டா கிளிப் ஒடையும். உள்ள பாலித்தீன் ஷீட்டுக்கு பின்னாடி கை விட்டு, வேக்கத்துல பூட்ட இழுக்கற டப்பாவ வெளிய எடுத்தார் அண்ணன். உள்ளங்கையில அடங்கற கருப்பு பிளாஸ்டிக் டப்பா, ஒரு ராடு நீட்டிட்டு இருக்கும், ராடு நுழையற எடத்துல ஒரு ரப்பர். அந்த ரப்பர விரல்ல தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கி கையில ஒட்டுச்சு. 41 வருஷம் கோயமுத்தூர் வெயிலும் டெல்லி வெயிலும் தின்ன ரப்பர் அது, அத கொற சொல்ல மனசு வரல. கார்ப்பெட்டுக்கு கீழ நாலு டியூப் சேர்ற ரப்பர் ஜாயின்ட் ஒண்ணும் வெடிச்சிருந்துச்சு.

பெரியப்பா பேப்பர மடிச்சு வெச்சுட்டு பக்கத்துல சேர் போட்டு உக்காந்துட்டார். "அந்தக் கதவு உங்கப்பன் பக்கம் கண்ணு, அவன் அடிச்சு அடிச்சு சாத்துவான்"னாரு. அப்பா இருந்த வரைக்கும் எப்பவும் பின் சீட்டுல எடது பக்கம் தான் உக்காருவார். நான் ஒண்ணும் பேசல, பேனல தொடச்சுட்டே இருந்தேன்.

16 மார்ச், சனி

சென்னையில பழைய பார்ட்ஸ் விக்கற புதுப்பேட்டையில தெரிஞ்சவர்கிட்ட கேட்டேன், பழைய டப்பா கெடைக்கும்னார். அதுவும் இதே வயசு ரப்பர் தான, வேண்டாம்னு சொல்லிட்டேன். புதுசு வெளிநாட்டுல இருந்து வரவெக்கணும், சொல்லியாச்சு, எப்ப வரும்னு தெரியல. அதுவரைக்கும் அந்த ஒரு கதவுக்கு போற ரெண்டு டியூபையும் அடைச்சாச்சு, மத்த ரப்பர் ஜாயின்ட் எல்லாமே புதுசு. ஸ்கூட்டர் பெட்ரோல் டியூப வெட்டி போட்டுக்கலாம்னு ஒருத்தர் சொன்னார், அது கொஞ்ச நாள்ல வெறைச்சுக்கும், வேக்கத்துக்கு சரிப்படாது.

17 மார்ச், ஞாயிறு

கையோட டாப்பட் செட்டிங்கும், அதாவது வால்வுக்கு மேல விடற கேப்ப சரி பண்றதும் முடிச்சோம். இந்த இஞ்சினுக்கு 24,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா கட்டாயம் பாக்கணும், பழைய ஆளுங்க பாதி பேர் விடறது இங்க தான். மத்த இஞ்சின்ல கேப் அதிகமாகி டக் டக்னு சத்தம் வரும், இதுல தலைகீழ், வால்வு சீட்டுல உக்காந்து உக்காந்து கேப் கொறையும், சத்தமே வராது, திடீர்னு ஒரு நாள் காலையில ஸ்டார்ட் ஆகாது.

14 நம்பர் ஸ்பேனர் ரெண்டு வேணும், அதுவும் வளைஞ்சிருக்கணும். அண்ணன் வெச்சிருக்கறது அவரே லேத்துல குடுத்து சூடு காட்டி வளைச்சது, 30 வருஷ ஸ்பேனர், எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சு. இஞ்சின் முழுசா ஆறுனதும், கீழ கிராங்க் போல்ட்ல 27 சாக்கெட் போட்டு ஓடற திசையில மட்டும் சுத்தி, கேம் மூக்கு மேல பாக்கற வால்வா பாத்து கேப் அளக்கற மெல்லிசு தகடான ஃபீலர் கேஜ விடணும். உள்ள இழுக்கற வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர், புகை வால்வுக்கு 0.30. கேஜ் உள்ள போறப்ப வெண்ணெயில கத்தி போற மாதிரி லேசா புடிக்கணும்னார், என் விரல புடிச்சு அந்த புடிப்ப காட்டிக் குடுத்தார். எட்டு வால்வுல மூணு புகை வால்வு டைட்டா இருந்துச்சு. ஒண்ணுல 0.30 கேஜ் உள்ள நுழையவே இல்ல, 0.15 தான் போச்சு.

டீசல் ஃபில்டர் ரெண்டும் மாத்துனேன், ஆயில் மாத்துனேன். பேட்டரிக்கு கீழ தட்டுல துரு இருக்கு, டிங்கர் வேலை மழைக்கு முன்னாடி.

24 மார்ச், ஞாயிறு

அவினாசி வரைக்கும் போயி வந்தேன். ஆறு எடத்துல நிறுத்துனேன், ஆறு தடவையும் சாவிய திருப்புனதும் நின்னுச்சு. ஸ்லோ ஓட்டத்துல இருந்த குலுக்கலும் கொறஞ்சிருக்கு, அது டாப்பட்டால தான்னு நெனைக்கறேன்.

31 மார்ச், ஞாயிறு

காலையில அஞ்சு மணிக்கு கெளம்பிட்டோம். கிணத்துக்கடவு தாண்டி பொள்ளாச்சி வரப்ப தான் விடிஞ்சது. பெரியப்பா முன் சீட்டு, பெரியம்மா பின்னாடி. 70ல போட்டா அந்த இஞ்சின் சத்தம் ஒரே சீரா, தறி ஓடற மாதிரி கேக்கும், அவர் கண்ண மூடிட்டு அத கேட்டுட்டே வந்தார். உடுமலையில டிபன். பழனியில விஞ்ச்ல ஏறி நல்ல தரிசனம்.

மலையில இருந்து எறங்கி வந்து வண்டிய எடுத்தோம், வழியில டீக்கடையில நிறுத்துனேன். சாவிய திருப்புனதும் நின்னுச்சு. பெரியப்பா திரும்பி பாத்து "நின்னுருச்சா"ன்னார். எறங்கி டிரைவர் கதவுல சாவிய போட்டு பூட்டுனேன், அந்த பெருமூச்சு சத்தம் கேட்டுச்சு, ரெண்டு கதவும் பூட்டிக்கிச்சு. பின் எடது கதவுக்கு டியூப அடைச்சிருக்கோம்ல, அது பூட்டாதுன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள அவரே சுத்தி வந்து, அந்த கதவ தெறந்து, உள்ள கை விட்டு பூட்டு பின்ன அமுத்திட்டு மெதுவா சாத்துனார்.

திரும்பி வரப்ப 60ல இருந்து 70 போற எடத்துல தரையில ஒரு அதிர்வு. பின் சக்கரத்துக்கு சுத்தல கொண்டு போற புரொப்பலர் ஷாஃப்ட்ல இருக்கற ரப்பர் டிஸ்க் வெடிச்சிருக்கும்னு தோணுது. அடுத்த ஞாயிறு அண்ணன வரச்சொல்லி ஜாக்கில ஏத்தி பாக்கணும்.