ஒய்எல் நெட்டுக்கு வரும்போது

ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்றவர்களின் பொழுதுபோக்கு வானொலியில்) பெண்ணுக்கு எண்பது வயதானாலும் ‘யங் லேடி’தான், சுருக்கமாக ஒய்எல். ஆணுக்குப் பதினைந்து வயதானாலும் ‘ஓல்ட் மேன்’, சுருக்கமாக ஓஎம். மோர்ஸில் எழுத்தை மிச்சம் பிடித்த காலத்துப் பழக்கம். பெயர் வைத்ததோடு சரி, புதிதாக வருகிற ஒய்எல்லை எப்படி வரவேற்பது என்பதில்தான் நம்மில் பலர் சொதப்புகிறோம்.

40 மீட்டர் அலைவரிசைப் பட்டையில் ஒருவர் முதல்முறையாக ‘சீக்யூ’ (யாராவது பேச வருகிறீர்களா என்ற பொது அழைப்பு) சொல்கிறார். பெண் குரல் என்றதும் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பிடிடியை (பேசுவதற்கான பொத்தானை) அழுத்துகிறார்கள். எல்லாம் அன்புதான், ஆனால் அவர் காதில் விழுவது வெறும் இரைச்சல். பழகியவர் ஒருவர் நெட் கண்ட்ரோலாக (பலர் கூடிப் பேசும் ‘நெட்’டை நடத்துபவராக) நின்று நிலையங்களை ஒவ்வொன்றாக அனுப்பினால் போதும். பிறகு புதியவரே சமாளிக்கக் கற்றுக்கொள்ளட்டும்: அழைப்புக்குறியில் (ஒவ்வொரு ஹாமுக்கும் உள்ள அடையாள எழுத்துகளில்) அரைகுறையாகக் கேட்ட எழுத்தைப் பிடித்து, “பாப்பா என்று முடிகிறவர் மட்டும், ஓவர்” என்று சொன்னால் ஒழுங்கான கூட்டம் அடங்கும். (‘பி’ எழுத்துக்கு உச்சரிப்பு ‘பாப்பா’. சிரித்துவிட்டுத் தொடரலாம்.) 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் வியூ4ஆர்பிஐ என்ற அழைப்புக்குறியில் பாரதி பிரசாத் உலகம் முழுவதிலிருந்தும் வந்த பைல்அப்பை (ஒரே நேரத்தில் குவியும் அழைப்புகளை) சமாளித்தார். 26ஆம் தேதி சுனாமி வந்ததும் அதே வானொலி அவசரத் தகவல் பணிக்கு மாறியது.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. எஸ்எஸ்பியில் (அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் குரல் முறையில்) கேரியர், அதாவது குரலைச் சுமக்கும் அடிப்படை அலை, கிடையாது. டயல் 200 ஹெர்ட்ஸ் தள்ளியிருந்தாலும் குரலின் சுருதி மாறும். ஆண் குரலையே கேட்டுப் பழகிய காது, உண்மையிலேயே உயர்ந்த குரலை ‘ட்யூன் தப்பு’ என்று நினைத்து டயலைத் திருப்பிவிடுகிறது. 40 மீட்டரில் பயன்படுவது எல்எஸ்பி, அதாவது கீழ்ப்பக்க அலை. அங்கே டயலைக் கீழே இறக்கினால் குரல் தடிக்கும். அப்படி இறக்கியவர் பதில் சொல்லும்போது அவர் குரல் எதிர்முனையில் கீச்சென்று கேட்கும். உடனே அவரும் டயலை இறக்குவார். இப்படி இருவரும் படிப்படியாக இறங்கி, பக்கத்து அலைவரிசைக்காரரின் பேச்சுக்குள் போய் விழுவார்கள். புதியவருக்கு முதல் நாளே ஆர்ஐடி குமிழைக் காட்டிக்கொடுங்கள். அது கேட்பதை மட்டும் நகர்த்தும், அனுப்புவதைத் தொடாது. பழையவர்களும் முழு கிலோஹெர்ட்ஸில் டயலை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் நிலையம் அங்கேதான் இருக்கும். மைக் கெயினையும் (மைக்கின் ஒலிப்பெருக்கத்தையும்) புதியவரின் குரலுக்கே வைக்க வேண்டும். ஏஎல்சி (அனுப்பும் அளவு மிகாமல் காக்கும் தானியங்கிக் கட்டுப்பாடு) முள் தன் எல்லைக்குள் ஆடினால் போதும்.

கிளப்பில் ஆன்டெனா கட்டும்போது சூட்டுக்கோல் (சால்டரிங் அயர்ன்) புதியவர் கையில் இருக்கட்டும். “நான் பண்ணித் தரேன்” என்று வாங்கிக்கொள்வதுதான் பெரிய தொல்லை. 2 மீட்டர் பட்டைக்கான டைபோல் (இரு கைகள் கொண்ட கம்பி ஆன்டெனா) நல்ல தொடக்கம். 143-ஐ மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணான 145-ஆல் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும்: சுமார் 98.6 செ.மீ., ஒரு கைக்கு 49. முதலில் 50.5 வெட்டிவிட்டு, இரு பக்கமும் சமமாக 5 மி.மீ. வீதம் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒத்ததிர்வு ஏறத்தாழ 1.5 மெகாஹெர்ட்ஸ் ஏறும். 144.1-இல் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து திரும்பிவரும் அலையைக் காட்டும் அளவு) குறைவாகவும் 145.9-இல் கூடுதலாகவும் இருந்தால் கம்பி இன்னும் நீளம். அளவு ஒத்துவராமல் அடம்பிடித்தால் கம்பியைக் குறை சொல்லாமல் கேபிள் முனையிலுள்ள பிஎல்-259 கனெக்டரைப் பாருங்கள். 25 வாட் சூட்டுக்கோலால் அதன் உடம்பு சூடேறாது. நெடுநேரம் வைத்து அழுத்தினால் உள்ளே பிளாஸ்டிக் உருகி, கேபிளின் வெளிப்பின்னலும் நடுக்கம்பியும் ஒட்டிக்கொள்ளும். பெரிய முனையுள்ள 60 வாட் வேண்டும். ஆன்டெனாவில் மாட்டுவதற்கு முன்பே மல்டிமீட்டரில் ஷார்ட் பார்த்துவிடுங்கள்.

முகவரி விஷயத்தில் நிஜமாகவே கவனம் தேவை. இணைய அழைப்புக்குறிப் பட்டியலில் வீட்டு முகவரியைப் போட வேண்டியதில்லை. க்யூஎஸ்எல் அட்டைக்கு (பேசியதை உறுதிசெய்து அனுப்பும் அட்டைக்கு) கிளப் முகவரி போதும். கிரிட் லொக்கேட்டரில் (இருப்பிடத்தைச் சொல்லும் கட்டக் குறியீட்டில்) நான்கு எழுத்தோடு நிறுத்தலாம்: சென்னைக்கு ‘என்கே03’ என்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலமான கட்டம். ஆறு எழுத்து கொடுத்தால் அது சில கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். வீட்டிலிருந்து ஏபிஆர்எஸ் பீக்கனும் (இருப்பிடத்தைத் தானாக அனுப்பும் குறிப்பலையும்) வேண்டாம்.

பேச்சிலும் ஒன்று. “உங்க வீட்டுக்காரரும் ஹாமா?” என்று தொடங்க வேண்டாம். ரிக் (வானொலிக் கருவி) என்ன, ஆன்டெனா என்ன, எத்தனை வாட் என்று கேளுங்கள், அதைச் சொல்லத்தான் அவர் வந்திருக்கிறார். முடிக்கும்போது 73 (வாழ்த்துகள்) போதும். 88 என்றால் அன்பும் முத்தமும், முன்பின் தெரியாதவரிடம் அது எதற்கு? ஒய்எல்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது 33. அது 1939-இல் அமெரிக்காவில் பெண் ஹாம்கள் தொடங்கிய ஒய்எல்ஆர்எல் அமைப்பு வழியாக வந்தது. ஓஎம்கள் அதைக் கடன் வாங்க வேண்டாம்.