கம்பியில் குத்திய கடிதங்கள்

எங்கள் ஊர் வீட்டுத் தாழ்வாரத்தில், அடியில் வட்ட மரப்பலகையும் நுனியில் கொக்கியுமாக ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. வந்த கடிதங்களையெல்லாம் தாத்தா படித்து முடித்ததும் அதில் குத்திவிடுவார். சென்ற மாதம் அவற்றை ஒவ்வொன்றாக உருவி எடுத்தபோது, நீல நிற இன்லண்ட் கடிதங்களில் இடம் போதாமல் ஓரங்களிலும் ஒட்டும் மடிப்பிலும் நுணுக்கி எழுதிய வரிகளும், மூலைகளில் மஞ்சள் தடவிய கல்யாணச் சேதிகளும் நடுவில் துருப்பிடித்த ஓட்டையுடன் வெளிவந்தன. தேதி போடாதவற்றுக்கு அஞ்சல் முத்திரை உதவியது.

சாவுச் செய்தி மட்டும் ஒன்றுகூட இல்லை. கருமாதிக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துப்போடுவது வழக்கம் என்பதால், அந்தக் கம்பியின்படி எங்கள் குடும்பத்தில் யாருமே இறக்கவில்லை. தாத்தா எழுதிய பதில்களும் இல்லை; அவை யார் வீட்டுப் பரணிலோ இருக்கலாம்.

உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்ததால்தான், ஏடு தேடிய காலத்தில் சி.வை. தாமோதரம் பிள்ளை போன்றோர் அவருக்கு எழுதியவை இன்று கிடைக்கின்றன. தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றபோது பலரும் வருந்தினார்கள்; கடிதமோ அப்படி ஒரு நாள் குறிக்காமலே குறைந்துபோனது. நான் கைப்பேசி மாற்றியபோது அம்மாவின் நான்கு வருட வாட்ஸ்அப் செய்திகள் அழிந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலும் ‘சாப்டியா’ என்றுதான் இருக்கும்.