மீரா முகர்ஜி: சூளைப் புகையில் உட்கார்ந்து எழுதியவர்

மீரா முகர்ஜியை ‘சிற்பி’ என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1923இல் கல்கத்தாவில் பிறந்து 1998இல் மறைந்த இந்த அம்மையார் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தார், நாடு முழுக்க அலைந்து உலோகக் கைவினைஞர்களைப் பற்றி ஆய்வு செய்தார், குழந்தைகளுக்குக் கதை எழுதினார், கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து காந்தா என்ற வங்காளத் துணித் தையல் வேலை செய்தார். சிற்பம் செய்துகொண்டே இவ்வளவும். எனக்கு இவை வேறு வேறு வேலைகளாகத் தெரியவில்லை.

நான் சுவாமிமலையில் வார்ப்புப் பட்டறை இருந்த வீட்டில் வளர்ந்தவன். இப்போது அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். அதனால் அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மெழுகும் மண்ணும் வரும் பக்கங்களில்தான் மனம் நின்றுவிடும்.

சிறு வயதில் ஓவியர் அவனீந்திரநாத் தாகூரின் கீழைக் கலைச் சங்கப் பள்ளி, பிறகு டெல்லி பாலிடெக்னிக், 1953இல் உதவித்தொகை பெற்று ஜெர்மனியில் மியூனிக் கலைக் கழகம். அங்கே டோனி ஸ்டாட்லர் என்ற சிற்பியிடம் பயிற்சி. ஐரோப்பாவில் படித்துத் திரும்பியவர் கர்சியாங் மலையில் டவ்ஹில் பள்ளியில் 1959 வரை வேலை பார்த்தார். கல்கத்தாவில் பிராட் மெமோரியல் பள்ளியில் இன்னும் ஒரு வருடம். 1960இல் வேலையை விட்டுவிட்டார். அப்போது வயது 37. மாதச் சம்பளத்தை உதறுவது எவ்வளவு பெரிய முடிவு என்பது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குப் புரியும்.

அவர் போய்ச் சேர்ந்தது இன்றைய சத்தீஸ்கரில் உள்ள பஸ்தர் காட்டுப் பகுதியில், கட்வா என்ற உலோக வார்ப்புச் சமூகத்தாரிடம். மியூனிக்கில் படித்தவர், பரம்பரைக் கைவினைஞர்களிடம் மாணவியாகப் போய் உட்கார்ந்தார்.

அந்த வார்ப்புக்கும் எங்கள் வார்ப்புக்கும் தாய் ஒன்றுதான், மெழுகு. ஆனால் போகும் வழி வேறு. சுவாமிமலையில் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, உருவம் முழுவதையும் மெழுகிலேயே பிடிப்போம். அதன்மேல் காவிரி வண்டல் பூசி, நிழலில் காயவைத்து, மீண்டும் பூசி, கம்பி கட்டி, வரட்டித் தீயில் மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவோம். சிலை கெட்டியாக வரும். பிறகு உளி வைத்து நகாசு வேலை நாள் கணக்கில் நடக்கும். பஸ்தரில் உள்ளே முதலில் மண்ணால் ஒரு கரு செய்கிறார்கள். மெழுகை நூல் நூலாகப் பிழிந்து அந்தக் கருவின்மேல் நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். வெளியே மண் பூசிச் சுட்டால் மெழுகு இருந்த மெல்லிய இடைவெளியில் உலோகம் ஓடுகிறது. உள்ளே கூடு, வெளியே நூல் ஓடிய வரி அப்படியே நிற்கும். அந்த வரியை அவர்கள் அழிப்பதில்லை.

மீரா அந்த வரியை எடுத்துக்கொண்டார். மெழுகுப் பட்டைகளும் இழைகளும் அவர் கையில் மீனவர்களாக, நெசவாளர்களாக, பாவுல் என்னும் வங்காள நாடோடிப் பாடகர்களாக, பேருந்தில் நெருக்கியடித்துப் போகும் கூட்டமாக மாறின. எல்லோரும் 1972இல் அவர் முடித்த ‘கலிங்கத்தில் அசோகன்’ சிலையைத்தான் சொல்வார்கள். டெல்லி மௌரியா ஹோட்டலில் இருக்கிறது. ஆளைவிட உயரம், பகுதி பகுதியாக வார்த்துச் சேர்த்தது. வார்ப்பு தெரிந்த யாருக்கும் அந்தத் துணிச்சல் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் என் மனம் அந்தப் பேருந்துப் பயணிகள் பக்கம்தான். கோயிலுக்கு மட்டுமே உருவம் செய்துவந்த வீட்டில் பிறந்தவனுக்கு, கூலிக்குப் போகிறவர்களும் வெண்கலத்தில் நிற்கலாம் என்று காட்டியவை அவை.

1961 முதல் 1964 வரை இந்திய மானுடவியல் ஆய்வகத்துக்காக அவர் உலோகக் கைவினைஞர்களைத் தேடிப் பல மாநிலங்களுக்குப் போனார். அந்த ஆய்வு 1978இல் ‘மெட்டல் கிராஃப்ட்ஸ்மென் ஆஃப் இந்தியா’ என்ற நூலாக வந்தது. குறிப்பேட்டோடு வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போகிறவர்களைப் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். மண் எந்தப் பதத்தில் விரலில் ஒட்டாமல் வரும் என்று அவர்களுக்குக் கேட்கத் தெரியாது. மீரா தானே மண் பிசைந்தவர், சூளைப் புகையில் கண் எரிய உட்கார்ந்தவர். என்ன கேட்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. இந்த நாட்டின் வார்ப்பாளர்களைப் பற்றி எழுத அவரைவிடத் தகுதியானவர் அப்போது யாரும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1992இல் பத்மஸ்ரீ வந்தது. சந்தோஷம்தான். என் கணக்கில் அந்த நூல் அதைவிடப் பெரிது.

கடைசிக் காலங்களில் கிராமத்துக் குழந்தைகளை வரையவிட்டு, அந்தப் படங்களைக் காந்தா துணிகளில் பெண்களைத் தைக்கச் செய்தார். பள்ளி வேலையை விட்டாலும் ஆசிரியை வேலையை அவர் விடவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அவரைப் படித்த பிறகு நானும் அப்பாவிடம் கேட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன். இப்போதைக்கு மெழுகுக் கலவை மட்டும். வெயில் காலத்தில் மெழுகு இளகிவிடும் என்று குங்கிலியத்தைக் கூட்டுவார் அப்பா. எவ்வளவு என்று கேட்டால் “கையிலே தெரியும்டா” என்கிறார். அந்தக் கை அளவைத் தராசில் நிறுத்துக்கொண்டிருக்கிறேன். சுவாமிமலை, கும்பகோணம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் நண்பர்கள் உங்கள் வீட்டுக் கலவையையும் சொல்லுங்கள். யார் வீட்டுக் கலவை என்று பெயரோடு சேர்த்தே எழுதுகிறேன்.