கடைவாய்ப்பல்

14 மே 2023
ஆறு மாசம் முடிஞ்சும் பாப்பாவுக்கு கழுத்து நிக்கல. பொறந்த புதுசுல வெயில்ல நாய்க்குட்டி இரைக்கிற மாதிரி மூச்சு வாங்குவா, அப்புறம் சட்டுனு மூச்சே இருக்காது, நான் பயந்துபோய் எண்ணுவேன், அஞ்சு, ஆறு, ஏழு... திரும்ப இரைப்பா. சளின்னாங்க, மந்திரிச்சு கயிறும் கட்டியாச்சு. இப்ப மூச்சு பரவால்ல, ஆனா கிலுகிலுப்பைய ஆட்டுனா கண்ணு பின்னாடி வரமாட்டேங்குது.

2 ஜூன் 2023
எம்ஆர்ஐ பிலிம லைட்ல வச்சு டாக்டர் பேனாவால சுத்திக் காமிச்சு, என்ன மாதிரி தெரியுதுன்னு கேட்டார். வேரோட புடுங்குன கடைவாய்ப்பல்லு, அப்படியே. ஜூபர்ட் சின்ட்ரோமாம். சிறுமூளைக்கு நடுவுல வெர்மிஸ்னு ஒரு பாகம், அது சரியா வளரல, பக்கத்துல இருக்குற நரம்புக் கத்தை தடிச்சு நீண்டதுதான் அந்த வேர் மாதிரி தெரியுது. 1969ல மான்ட்ரியல்ல மாரி ஜூபர்ட்னு ஒரு லேடி டாக்டர் இதப் பத்தி எழுதுனாங்களாம், ஒரே வீட்ல நாலு பிள்ளைங்களுக்கு இருந்துச்சாம். பஸ்ல வர்றப்ப பூரா அந்த நாலு பிள்ளையோட அம்மா நெனப்புதான்.

10 செப்டம்பர் 2023
ஜீன் ரிப்போர்ட் வந்துடுச்சு. சிஇபி290ங்கிற ஜீனாம். என்கிட்ட அந்த ஜீனோட கெட்டுப்போன காப்பி ஒண்ணு, மச்சான்கிட்ட ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணும் பண்ணல, ரெண்டும் சேர்ந்து இவளுக்கு வந்துடுச்சு. அடுத்த பிள்ளைக்கும் 4ல 1 சான்ஸ். கவுன்சிலிங் மேடம் குடும்பப் படம் வரைஞ்சு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மட்டும் ரெட்டைக் கோடு போட்டாங்க, சொந்தத்துல கட்டுனா அப்படித்தான் போடுவாங்களாம். வேற வீடா இருந்தா உங்க வம்சம் எங்க வம்சம்னு ஒரு சண்டையாவது வந்திருக்கும், இங்க மாமியாரே என் அப்பாவோட அக்கா, யாரைப் பேசுறது? அத்தை வெங்காயம் உரிச்சுக்கிட்டே ரொம்ப நேரம் கழிச்சு, "எங்க அய்யாகிட்ட இருந்தா, ஆத்தாகிட்ட இருந்தாடி?"ன்னு கேட்டாங்க. ரெண்டு பேருமே இப்ப இல்ல.

21 ஜனவரி 2025
பாப்பா உக்கார்றா, லேசா ஆடுவா. காக்கா வந்தா கண்ணு உடனே போகாது, தலைய வெடுக்குனு காக்காவையும் தாண்டித் திருப்பி, அப்புறம் கண்ணு மெதுவா வந்து சேரும், பார்த்ததும் ஒரு சிரிப்பு. மூளைக் கோளாறுக்கு எதுக்கு கிட்னி டெஸ்ட்னு மொதல்ல நானும் கேட்டேன். செல்லு மேல ஆன்டெனா மாதிரி சிலியான்னு ஒண்ணு இருக்காம், பழுதே அதுலதான், அது கிட்னிலயும் இருக்கு, கண்ணு ரெட்டினாலயும் இருக்கு, அதனால வருஷா வருஷம் பாக்கணும். காலைல மொத மூத்திரம் வேணும்னு அத்தை அஞ்சரைக்கே கப்போட காத்துக்கிட்டு இருந்தாங்க. அவ மடில ஏறி அத்தை சேலைலயே போயிட்டா. நாளைக்கு மறுபடி.