புது மக்புக் தவழ்ந்த கதை

12 வருடமாக விண்டோஸில் கலியாண வீடியோ வெட்டிப் பழகியவள் நான். கடன்பட்டு ஆப்பிளின் மடிக்கணினி, ஒரு மக்புக் ப்ரோ வாங்கினேன். எம்3 ப்ரோ சிப், 18 ஜிபி மெமரி. விலையை அம்மாவுக்கு இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை. அப்படி வாங்கிய சாமான், வெள்ளவத்தை வீட்டு மேசைக்கு வந்ததும் தவழத் தொடங்கியது. தாலி கட்டும் காட்சியை ஓடவிட்டால் மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நிற்கும், கெட்டிமேளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

தெரிந்த திருத்துநர் ஒருவர், "ரீசெட் அடியுங்கோ தங்கச்சி, சரிவரும்" என்றார். அடித்தேன். ஒரு நாள் போனதுதான் மிச்சம்.

அது நிலைமையை இன்னும் கெடுத்திருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் ஆக்டிவிட்டி மொனிட்டரைத் திறந்து, கணினியின் மூளையான சிபியூவை அதிகம் தின்பது எது என்று பார்த்தேன். எம்டிஎஸ்_ஸ்டோர்ஸ், எம்டிவேர்க்கர் என்று பெயர்கள் மேலே நின்றன. மக்கில் கோப்புகளைத் தேடித்தரும் ஸ்பொட்லைட்டின் ஆட்கள் இவர்கள். புதிதாக வந்த ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்துக் குறிப்பெடுப்பது இவர்களின் வேலை. ரீசெட் அடித்துப் படங்களையெல்லாம் திரும்பக் கொப்பி பண்ணியதால் வேலை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. சார்ஜரில் போட்டுவிட்டுப் படுத்தேன். விடியும்போது அந்தப் பெயர்கள் கீழே இறங்கியிருந்தன.

சரி, முடிந்தது என்று நினைத்தால் பிரவுசர் இன்னும் இழுத்தது. அதே ஆக்டிவிட்டி மொனிட்டரில் 'கைண்ட்' என்று ஒரு நிரல் இருக்கிறது. சிலவற்றுக்கு நேரே ஆப்பிள், சிலவற்றுக்கு நேரே இன்டெல். பிரவுசர் இன்டெல். டேட்டா மிச்சம் பிடிக்கலாம் என்று சித்தி மகனின் பழைய மக்கிலிருந்து பென் டிரைவில் வாங்கிவந்து ஏற்றியவற்றில் அதுவும் ஒன்று. 2020இல் எம்1 வந்ததிலிருந்து ஆப்பிளின் சிப் வேறு சாதி. இன்டெலுக்கு எழுதியதை ரொசெட்டா 2 மொழிபெயர்த்துத்தான் ஓட்டுகிறது. முதல் தடவை திறந்தபோது ரொசெட்டாவை ஏற்றவா என்று கேட்டது, நான் வாசிக்காமலே 'ஓம்' கொடுத்துவிட்டேன். பெரும்பாலும் ரொசெட்டா முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துவிடும். ஆனால் பிரவுசர் ஓடும்போதே புதிது புதிதாகக் கட்டளைகளை உருவாக்குவதால் அங்கே அதற்கு மூச்சு வாங்குகிறது. அழித்துவிட்டு ஆப்பிள் சிப்புக்கான பதிப்பை இறக்கினேன். பறந்தது.

வீடியோ மட்டும் அசையவில்லை. எடிட்டிங் மென்பொருளோ ஆப்பிள் வகைதான். பெண்ணின் அப்பா இரண்டு தடவை போன் எடுத்துவிட்டார்.

கடைசியில் பிடிபட்டது ஒரு வயர். வீடியோக்களை வைத்திருக்கும் என் வெளி டிரைவ், அந்த எஸ்எஸ்டியின் கேபிளுக்கு மறுமுனை பழைய அகல யூஎஸ்பி வாய். இந்த மக்புக்கில் அதற்கு இடமே இல்லை. அதனால் போன் சார்ஜ் பண்ணும், இரண்டு முனையிலும் சின்ன யூஎஸ்பி-சி வாய் உள்ள கேபிளைச் செருகியிருந்தேன். பொருந்தியது, டிரைவும் தெரிந்தது, யார் சந்தேகப்படுவார்கள்? மக்கின் விபரங்களைக் காட்டும் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதியைத் திறந்தால் வேகம் 480 மெகாபிட் வரை என்று இருந்தது. அது யூஎஸ்பி 2 வேகம், 2000ஆம் ஆண்டுச் சங்கதி. சார்ஜ் கேபிள்கள் பலவற்றுக்குள் டேட்டாவுக்கு இருப்பது அவ்வளவுதான். வெளித்தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. இந்த சி வடிவத்தைச் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் 10 கிகாபிட் என்று எழுதிய கேபிள் ஒன்று வாங்கிவந்தேன். 60 ஜிபி கொப்பி பண்ண முன்பு 25 நிமிடம். இப்போது தேத்தண்ணிக்குக் கேத்தில் கொதிக்கும் முன்பே முடிகிறது.

போன் கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு நெயில் பொலிஷ் பூசி வைத்திருக்கிறேன்.