உதிர்ந்த இலை எங்கே போகிறது?

ஞாயிறு காலை, நீர் வடிந்திருந்த வேளையில், சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்து மரப்பாலத்தில் நின்று, ஒரு சிறு நண்டு பழுத்த இலையொன்றைத் தன் வளைக்குள் இழுத்துச் செல்வதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் வரைந்த உணவுச் சங்கிலிப் படத்தில் புல், மான், புலி எனப் பெரியவற்றுக்கே இடம் இருந்தது. ஆனால் கடலோரச் சேற்றில் வளரும் இந்த அலையாத்திக் காட்டின் வாழ்வில் பெரும்பகுதி, உதிர்ந்து மட்கும் இலையிலிருந்துதான் தொடங்குகிறது. நண்டு கிழித்துப்போட்ட துண்டுகளைப் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் சிதைக்க, அந்த மக்கை இறாலும் சிறு மீன்களும் உண்ண, அவற்றைக் கொக்கும் நீர்நாயும் பிடிக்கின்றன.

உணவுச் சங்கிலியின் ஒரு படியில் சேரும் ஆற்றலில் ஏறத்தாழ 10 விழுக்காடே அடுத்த படிக்குச் செல்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறுகிறது. அதனால்தான் இலைகள் கோடிக்கணக்கில் இருக்க, முதலைகள் மிகச் சிலவே இருக்கின்றன. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அப்படியல்ல. அவை மண்ணுக்கும் உயிருக்கும் இடையே மீண்டும் மீண்டும் சுழல்கின்றன. ஆழத்துச் சேற்றைத் தோண்டி மேலே குவிக்கும் சேற்று இறால் இச்சுழற்சிக்கு உதவுகிறது என்பதே எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அது எழுப்பும் மேட்டில் எறும்பும் சிலந்தியும் பாம்பும்கூடக் குடியிருக்கின்றன.

1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் இயற்கை வனப்பகுதியாக அறிவிக்கப்பட்ட இவ்விடத்துக்கு ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் வடக்கிலிருந்து உள்ளான் பறவைகள் வருகின்றன. அவை தேடி உண்பவற்றுள் இச்சேற்றிலுள்ள புழுக்களும் உண்டு.